சவர்டோக்காரர்

பெங்களூருவில் ஒயிட்ஃபீல்டு, சர்ஜாபூர் ரோடு, எச்.எஸ்.ஆர். லேஅவுட் பக்கம் எந்த அபார்ட்மெண்டுக்குள் நுழைந்தாலும் பிளாக்குக்கு ஒருவராவது தட்டுப்படுவார். கறுப்பு டி-ஷர்ட்டில் மாவுத் தீற்றல், முன்கையில் ஓ.டி.ஜி. அடுப்பு சுட்ட தழும்பு, பேச்சில் சதவீதம். "எப்படி சார் போகுது?" என்று கேட்டால் "எழுபத்தஞ்சு பர்சென்ட் ஹைட்ரேஷன்ல போய்க்கிட்டிருக்கு" என்பார். உடம்பைச் சொல்கிறார் என்று இளநீர் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். அரை கிலோ மாவுக்கு 375 கிராம் தண்ணீர் என்று அர்த்தம்.

2020 ஊரடங்கில் உருவானவர் இவர். கடைகளில் ஈஸ்ட் கிடைக்காமல் போன நாட்களில், மாவையும் தண்ணீரையும் கலந்து வைத்தாலே மாவில் இருக்கும் நுண்ணுயிர்கள் ரொட்டியை உப்ப வைத்துவிடும் என்று யூடியூபில் பார்த்தார். அன்றைக்குப் பிடித்தது சவர்டோ பைத்தியம். கூடவே டல்கோனா காபி அடித்தவர்கள், கிடார் வாங்கியவர்கள், மொட்டை மாடியில் கீரை போட்டவர்கள் எல்லாரும் குணமாகி ஆபீஸுக்குத் திரும்பிவிட்டார்கள். இவர் உடம்பு மட்டும்தான் திரும்பியது. அவுட்டர் ரிங் ரோடு டிராஃபிக்கில் நிற்கும்போதும் மனசு, வீட்டு ஃபிரிட்ஜின் இரண்டாவது தட்டில் இருக்கும் ஜாடியோடு இருக்கும்.

ஜாடிக்குள் இருப்பது ஸ்டார்ட்டர், அதாவது புளித்த மாவு. அதற்குப் பெயர் உண்டு, பிறந்த நாள் உண்டு, வேளாவேளைக்குச் சாப்பாடு உண்டு. பழைய மாவு ஒரு பங்கு, புது மாவு ஒரு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு, எல்லாம் தராசில் நிறுத்து. பொங்கலுக்குக் கும்பகோணம் கிளம்பும்போது சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போவார். பால்கனித் துளசி வாடினாலும் அவருக்குக் கவலையில்லை. மாவை மட்டும் எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று வாட்ஸ்அப்பில் மூன்று பக்கம் வரும். நடுராத்திரி ரயிலிலிருந்து, "சார், அது சந்தோஷமா இருக்கா?" என்று ஒரு மெசேஜும் வரும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஜாடிக்குப் பக்கத்திலேயே ஐடி இட்லி மாவு பாக்கெட் ஒன்று இருக்கும். இந்த ஊரிலேயே 2005-இல் தொடங்கிய கம்பெனியின் பாக்கெட்தான். அரிசி ஊறப் போட்டு, அரைத்து, புளிக்க வைக்க அவருக்கு நேரமில்லையாம். பதினெட்டு மணி நேரம் கண்விழித்து ரொட்டி மாவைப் புளிக்க வைக்கிற மனிதருக்கு!

பெங்களூரு வானிலையும் அவரைப் படுத்துகிறது. சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊர். டிசம்பர் ராத்திரியில் 16 டிகிரிக்கு இறங்கும். குளிரில் ஈஸ்ட் சோம்பும். அப்போது ஜாடிக்கு மஃப்ளர் சுற்றி, விளக்கு மட்டும் எரியும் ஓ.டி.ஜி.க்குள் குடிவைப்பார். ஏப்ரலில் வெயில் 35-ஐத் தாண்டினாலோ, ஆபீஸிலிருந்து வருவதற்குள் மாவு மூடியைத் தள்ளிக்கொண்டு பொங்கி, கவுண்டரெல்லாம் பெல்லந்தூர் ஏரி. எது தவறினாலும் குற்றவாளி ஒன்றுதான்: டேங்கர் தண்ணீர்.

ஒருவழியாக ரொட்டி வந்து சேரும். முதல் படம் ரொட்டிக்கு, இரண்டாவது படம் குறுக்குவெட்டுக்கு. உள்ளே ஓட்டை எவ்வளவு பெரிதோ அவ்வளவு பெருமை. ஓட்டை வழியாக எதிர் பிளாக் தெரிகிற துண்டுகளை வீடு வீடாகக் கொடுத்தனுப்புவார். ஜாம் தடவினால் ஜாம் அடிப்பக்கம் வந்து உள்ளங்கையில் விழும். பிள்ளைகள் முனையைக் கடித்துப் பார்த்துவிட்டு, "ப்பா, ஐயங்கார் பேக்கரி பிரெட் இல்லையா?" என்று கேட்கும்.

அந்தக் கேள்விதான் அவருக்கு ஆகாது. ஹாசன் பக்கத்திலிருந்து வந்த திருமலாச்சார் 1898-இல் சிக்பேட்டையில் தொடங்கியதாகச் சொல்லப்படும் பேக்கரி வழியில், இன்று தெருவுக்குத் தெரு முட்டை போடாமல் பன்னும் ரொட்டியும் தில்பசந்தும் போட்டு இந்த ஊரையே வளர்த்துவிட்டார்கள். "அதெல்லாம் பஞ்சு சார், பிரெட்டே இல்ல" என்பார். மாலை ஐந்து மணிக்கு, வெங்காயமும் கேரட்டும் பச்சைமிளகாயும் வதக்கி வைத்த மசாலா டோஸ்டோடு அதே பேக்கரி வாசலில் அவரைப் பார்த்திருக்கிறேன். இருவரும் பார்க்காத மாதிரி போய்விடுவோம்.

மூன்றாம் நாள் ரொட்டி கல்லாகும். அவர் விடமாட்டார். "புளிப்பு இருக்கறதால இதுல சீக்கிரம் பூசணம் பிடிக்காது, தெரியுமா?"

"பூசணத்துக்கும் பல்லு வேணுமேங்க" என்பார் மனைவி.

இந்த இடத்தில்தான் மாமியார் கும்பகோணத்திலிருந்து வந்து இறங்கினார். புதிதாகக் கட்டிய பல்செட். மாப்பிள்ளை மரியாதையாக நீட்டிய துண்டைத் தட்டில் ஒருமுறை தட்டிப் பார்த்தார். சத்தம் கேட்டது. "மாப்பிள்ளை, இதைப் பால்ல ஊறப் போட்டு, முட்டை தோய்ச்சு, பாம்பே டோஸ்ட்டாப் போட்டுடட்டுமா?"

மாப்பிள்ளைக்குள் இருந்த ஆராய்ச்சியாளர் எழுந்துவிட்டார். ரொட்டியைப் பாலில் ஊறவைத்துப் பொரித்துத் தேன் ஊற்றித் தின்கிற வழக்கம் ரோமாபுரிச் சமையல் நூலிலேயே இருக்கிறது என்று தொடங்கி, அடுப்படியை அவரே கைப்பற்றினார். முட்டைக்கென்று வைத்திருக்கும் தனித் தவா இறங்கியது. இரண்டு முட்டை, முக்கால் கப் நந்தினி பால், சர்க்கரை, லவங்கப்பட்டை. தோய்த்த துண்டைப் பெரிய தீயில் போட்டார். மேலே மொறுமொறு, நடுவில் இன்னும் காய்ந்த ரொட்டி. அவர் பெருமைப்பட்ட ஓட்டைகள் வழியாகக் கலவை சொட்டுச் சொட்டாக இறங்கி, ரொட்டிக்கு அடியில் தனியாக ஒரு ஆம்லெட் வெந்துகொண்டிருந்தது.

மாமியார் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த துண்டுகளை விளிம்பு உயர்ந்த தட்டில் பரப்பி, கலவையை ஊற்றி, கால் மணி நேரம் கிடக்கவிட்டு ஒருமுறை திருப்பிப் போட்டார். ஏலக்காய் நசுக்கினார். மெல்லிய தீயில் நெய் விட்டு, துண்டுகளை அடுக்கி, மூடி போட்டார். பேக்கரி பிரெட்டாக இருந்தால் இந்நேரம் கஞ்சியாகியிருக்கும். காய்ந்த சவர்டோ அத்தனை பாலையும் குடித்துவிட்டு உடையாமல் நின்றது. விளிம்பு மட்டும் கொஞ்சம் மெல்லவைத்தது, நடுவில் கஸ்டர்ட். இனிப்புக்கு நடுவே அந்த மெல்லிய புளிப்பு தட்டியபோது, நான் இரண்டாவது துண்டுக்குக் கை நீட்டினேன். நிஜமாகவே பிரமாதம். இத்தனை வருஷத்தில் அந்த ரொட்டியைப் பற்றி பிளாக்கில் யாரும் மனசாரச் சொன்ன முதல் நல்ல வார்த்தை அன்றைக்குத்தான் வந்தது; அதுவும் மாமியாருக்கு.

இப்போது அவர் திட்டமே மாறிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை டோஸ்ட்டுக்காக வியாழக்கிழமையே ரொட்டி சுடுகிறார். ஃபிரிட்ஜில் வைத்தால் ரொட்டி இன்னும் வேகமாக இறுகும், ஆனால் ஈரம் போகாது என்று விளக்கம் சொல்லி, வெட்டிய துண்டுகளை வெள்ளைத் துணியில் வடாம் மாதிரிப் பால்கனியில் காயப் போட்டு, புறா விரட்ட ஒரு குச்சியோடு உட்கார்ந்திருக்கிறார். எக்ஸெலில் ஒரு புதுப் பத்தி: 'முதிர்வு மணி நேரம்'.

போன வாரம் ஸ்பீக்கரில் மாமியார்: "ஏன் மாப்பிள்ளை, காயணும்னுதானே இவ்வளவு பாடு? உங்க தெரு பேக்கரியில கேட்டா நேத்து பிரெட்டைப் பாதி விலைக்குக் கொடுத்துடுவானே?"

சிக்னல் சரியில்லை என்று போனை வைத்துவிட்டு, அவர் எழுந்து புறாவை விரட்டப் போனார். பால்கனியில் புறா எதுவும் இல்லை.