விளக்குக்குள்ள கேமரா இருக்கும் கண்ணு

ஏங்கண்ணு, பிராங்பர்ட்டுக்கு டிக்கெட் போட்டாச்சாமா? உங்கம்மா சொன்னா. மாநாடு முடிஞ்சு ராத்திரி, போட்டிக் கம்பெனிக்காரங்க நாலு பேரு ஓட்டல் ரூம்ல உக்காந்து “மார்க்கெட்டைக் கொஞ்சம் ஒழுங்கு பண்ணலாம்”னு உன்னையும் கூப்பிட்டிருக்காங்களாமா. போடா சாமி, தாராளமாப் போ. வெலையைக் கூடிப் பேசி ஏத்தறதுன்னா முறைப்படி பண்ணோணும். அப்புச்சி சொல்லித் தரேன்.

நான் எட்டாவது தாண்டாதவன்தான். ஆனா கோழித் தீவனத்துல கலக்கறமே லைசினு, அதை வித்தவங்க கதை எனக்கு அத்துப்படி. அமெரிக்காவுல ஏ.டி.எம்.னு ஒரு கம்பெனி. காசு எடுக்கற மிசின் இல்லடா, ஆர்ச்சர் டேனியல்ஸ் மிட்லண்ட். அவங்களும் ஜப்பான்காரங்க ரெண்டு பேரும் கொரியாக்காரங்க ரெண்டு பேரும் 1992-ல கூட்டுச் சேந்தாங்க. ஒம்போது மாசத்துல லைசின் வெலை ஏறக்குறைய 70 சதவீதம் ஏறிப்போச்சு. கோழி வளக்கறவன்தான் குடுத்தான்.

அவங்க எப்படிப் பண்ணாங்களோ அப்படியே பண்ணு. மொதல்ல சங்கம்னு ஒரு பேரு வெச்சுக்கோ. கூட்டத்துக்கு ஒரு பொய் அஜெண்டா அடிச்சுக்கோ. அப்புறம் எவனெவன் எத்தனை டன் விக்கோணும்னு பங்கு போட்டுக்கோங்க. மாசாமாசம் வித்த கணக்கை, கூட்டுல இருந்த ஜப்பான் கம்பெனி அஜினோமோட்டோவோட ஆபீசுக்குப் போன் போட்டு ஒப்பிச்சாங்களாமா. வருசக் கடைசில பங்குக்கு மேல வித்தவன், கம்மியா வித்தவன்கிட்ட சரக்கு வாங்கிக்கோணும். திருட்டுத் தொழில்ல எத்தனை நாணயம் பாரு!

நம்ம அந்தியூர்ச் சந்தைலயும் துண்டுக்கு அடியில வெரலைப் புடிச்சுத்தான் மாட்டுக்கு வெலை பேசறோம்; அதுல என்ன தப்புங்கறயா? அங்க துண்டுக்குள்ள ஒரு கை விக்கறவனுது, ஒரு கை வாங்கறவனுது. உன்ற ரூம்ல அத்தனை கையும் விக்கறவனுதுதானடா.

இப்ப ரூமுக்கு வருவோம். 1995 ஜனவரி, அட்லாண்டா. ஊர்ல கோழிக் கண்காட்சி நடக்குது. லைசின்காரங்க ஒரு ஓட்டல் ரூம்ல உக்காந்திருக்காங்க. ரெண்டு மூணு நாற்காலி காலி. “ஒண்ணு டைசனுக்கு, ஒண்ணு கொனாக்ராவுக்கு”ன்னு வாடிக்கைக்காரங்க பேரைச் சொல்லிச் சிரிக்கறாங்க. இன்னொண்ணு எஃப்.பி.ஐ.க்குன்னும் சொல்லிச் சிரிக்கறாங்க. அந்நேரம் பாத்து கதவைத் தட்டி, ஓட்டல்காரனாட்ட ஒருத்தர் வந்து ஒரு பெட்டியக் குடுத்துட்டுப் போறார். அவரே எஃப்.பி.ஐ. ஆளு! அவங்க சிரிச்ச சிரிப்பு அத்தனையும் வீடியோவுல ஏறிட்டிருக்குது. இந்தக் கூட்டம் ஊர் ஊராப் போச்சுன்னா, கேமரா ஒளிச்சு வெச்ச மேசை விளக்கும் கூடவே போச்சு. பச்சை விளக்கு ஒண்ணே எல்லா ஊர் ஓட்டல்லயும் எப்படிடா வரும்னு ஒருத்தனுக்காச்சும் தோணோணுமே? வெலை பேசற மும்முரம்.

காட்டிக் குடுத்தது ஏ.டி.எம்.மோட பெரிய அதிகாரி மார்க் விட்டேக்கர்தான். சம்சாரம் புடிச்ச புடில எஃப்.பி.ஐ.கிட்டப் போனவரு. இந்தப் பக்கம் டேப்பு ஓட்டிட்டே அந்தப் பக்கம் சொந்தக் கம்பெனில 90 லட்சம் டாலரைச் சுருட்டுனாரு பாரு, அந்தத் திறமை எனக்கில்ல. பத்து வருசத்துக்கு மேல தண்டனை வாங்குனாரு. கம்பெனி 1996-ல 10 கோடி டாலர் அபராதம் கட்டுச்சு. அதுல சிட்ரிக் ஆசிட் கூட்டுக்கும் ஒரு பங்கு. ஒரு கூட்டுல நிக்குமா ஆசை! மேல இருந்த ரெண்டு பேரு ஜெயிலுக்குப் போனாங்க.

“என்னை யாரு காட்டிக் குடுப்பா அப்புச்சி”ங்கற. அந்த நாலு பேரும்தான். அமெரிக்காவாகட்டும் ஐரோப்பாவாகட்டும், கூட்டுல இருந்து மொதல்ல ஓடி வந்து ஒப்புக்கறவனுக்கு மன்னிப்பு. நம்மூரு போட்டி ஆணையத்துலயும் மொதல் ஆளுக்கு அபராதம் நூத்துக்கு நூறு வரைக்கும் தள்ளுபடி. ரெண்டாவதா ஓடறவனுக்குப் பாதி வரைக்கும்தான். உங்கூட உக்காந்து காப்பி குடிக்கறவன் கால்ல செருப்பு மாட்டியே இருக்கானான்னு குனிஞ்சு பாத்துக்கோ.

நாமக்கல்லுல இருந்துட்டு அமெரிக்காவுக்கு எதுக்குப் பயப்படோணும்னும் கேப்பே. அந்த ஜப்பான், கொரியாக் கம்பெனிகளும் தூரத்து ஊருதான். அங்கிருந்தே அபராதம் கட்டுனாங்க. சரக்கு வெலை எந்த ஊர்ல ஏறுதோ அந்த ஊருச் சட்டம் உன்னைத் தேடி வரும். அமெரிக்காவுல பத்து வருசம் வரைக்கும் ஜெயிலு. ஐரோப்பாவுல கம்பெனியோட உலக வியாபாரத்துல 10 சதவீதம் வரைக்கும் அபராதம். நம்ம சட்டத்தையும் 2023-ல திருத்தி உலக வியாபாரத்தையே கணக்குல எடுத்துக்கறாங்க. உன்ற சம்பளத்துல கட்டிருவியா?

சரி, போகாம இருக்கச் சொன்னா கேக்கமாட்ட. போனீன்னா, வெலைப் பேச்சோ பங்குப் பேச்சோ வந்த நிமிசம் எந்திரிச்சுரு. நைசா நழுவாத, அப்படிப் போனா நீயும் தலையாட்டுனேம்பாங்க. “இது எனக்கு ஒப்பில்லை, மினிட்ஸ்ல எழுதுங்க”ன்னு சத்தமாச் சொல்லு. முடிஞ்சா காப்பியத் தட்டி விட்டு, எதுத்தாப்பல உக்காந்தவன் கோட்டெல்லாம் நனையற மாதிரி கொட்டிட்டு வா. நீ எந்நேரத்துக்கு வெளிய போனீன்னு எந்தக் கோர்ட்டுல கேட்டாலும் அவன் மறக்காமச் சொல்லுவான். வந்ததும் உங்க கம்பெனி வக்கீலுக்குப் போனைப் போட்டுரு. அவரு தூங்கிட்டிருந்தா எழுப்பு, அதுக்குத்தான மாசாமாசம் பீஸ் வாங்கறாரு.