குப்பைத்தொட்டிப் பந்தியில் மண்புழுவின் உணவொழுக்கம்: ஓர் ஆய்வு

இலையில் உப்பை எங்கே வைப்பது, பாயசத்தை எப்போது ஊற்றுவது என்றெல்லாம் விதி வகுத்த நம் முன்னோர், மண்புழுவுக்குப் பரிமாறும் முறை பற்றி வாய் திறக்கவில்லை. அக்குறையைப் போக்கவே, சென்னை அடுக்ககம் ஒன்றின் பால்கனியில், துளையிட்ட பழைய பெயின்ட் டப்பாவைக் களமாகக் கொண்டு இவ்வாய்வு நிகழ்ந்தது.

ஆய்வுக்குரியோர் ஆப்பிரிக்காவைப் பூர்வீகமாகக் கொண்ட யூட்ரிலஸ் யூஜினியே இனத்தார். இவர்களுக்குப் பல் கிடையாது; ஆகவே முதல் பந்தியில் அமர்வதில்லை. வாழைப்பழத் தோலும் கீரைத் தண்டும் விழுந்ததும் உட்காருபவை பாக்டீரியாவும் பூஞ்சையும்தான். அவை குழைத்து வைத்த பிறகே புழு இரண்டாம் பந்திக்கு வரும். மறுநாளே தொட்டியைக் கிளறி, 'போட்டது போட்டபடியே கிடக்கே' என்று அங்கலாய்ப்பவர் இவ்வரிசை அறியாதவர்.

மரபான உரையாசிரியர்கள் (அதாவது புழு விற்றவர்கள்) விலக்கும் பதார்த்தங்கள் உப்பு, எண்ணெய், எலுமிச்சை, மிளகாய், வெங்காயம். தமிழ்ச் சமையலில் இவற்றைக் கழித்தால் மிஞ்சுவது டீத்தூள் சக்கை. உப்புக்குக் காரணம் தெளிவு: புழு மூச்சு விடுவது ஈரத்தோலால்; ஊறுகாய் பட்டால் அந்த ஈரம் போய்விடும். வெங்காயத்தில்தான் அறிஞரிடையே பிளவு. 1881இல் வெளிவந்த மண்புழு நூலில் சார்லஸ் டார்வின், தாம் சட்டியில் வளர்த்த புழுக்கள் வெங்காயத்தை விரும்பித் தின்றன, புதினாவைப் பெரும்பாலும் தொடவில்லை என்று பதிந்திருக்கிறார். அவை இங்கிலாந்துப் புழுக்கள். அவர் போட்டதும் சில துண்டுகளே. ஒரு விருந்துக்கு உரித்த தோலையெல்லாம் கொட்டிவிட்டு டார்வினைச் சாட்சிக்கு அழைப்பது ஆய்வு நெறியன்று.

அந்நூலின்படியே புழுவுக்குக் காது கேளாது. ஆனால் பியானோமேல் வைத்த சட்டியில் அதிர்வு பட்டதும் டார்வினின் புழுக்கள் வளைக்குள் பாய்ந்தன. ஆகவே டிவி சீரியல் குற்றமற்றது. தொட்டியை வாஷிங் மெஷின்மேல் வைப்பதே குற்றம்.

நாற்றம் என்பது புழுவின்மேல் விழுந்த வீண்பழி. ஈரக் கழிவு மிகுந்து காற்றுப் புகாதபோது, காற்றில்லாமல் பிழைக்கும் நுண்ணுயிர்கள் செய்யும் வேலை அது. காய்ந்த இலையோ தேங்காய் நாரோ ஒரு கைப்பிடி போட்டுக் கிளறினால் தணியும். கொட்டுவதற்கு வீடே திரளும். இலை பொறுக்கிவரத்தான் ஆள் கிடைக்காது.

வெயில் பற்றித் தனி அத்தியாயம் தேவையில்லை. தொட்டிக்குள் 35 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் புழு தப்புவது அரிது. மே மாதத்தில் அதை மொட்டை மாடியில் வைப்பவரை இவ்வாய்வு மன்னிப்பதாக இல்லை.