ஜப்பான் சாயலில் ஒரு தேத்தண்ணி

அனுப்புநர்:
மேசை எண் 7-இல் உட்கார்ந்திருந்தவர்கள்
(சக்கர நாற்காலிக்காகத் தூணுக்குப் பின்னால் தள்ளிப்போட்ட மேசை),
பாகான் செராய், பேராக்.

பெறுநர்:
மாலைத் தேநீர்ப் பிரிவு நிர்வாகத்தார்,
பெயர் சொன்னால் விளம்பரமாகிவிடும் என்பதால் பெயர் சொல்லப்படாத ஓட்டல்,
ஈப்போ.

பொருள்: தீபாவளிச் சிறப்பு, ஜப்பான் சாயலில் பலகாரமும் மாலைத் தேநீரும் – விளக்கம் கோருதல்.

பார்வை: தங்கள் ரசீது, 296 வெள்ளி 96 சென்.

மதிப்புமிகு நிர்வாகத்தாரே,

நன்றியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு இடமிருக்குமோ என்னவோ. ஏசி அருமை. கழிவறையில் கை துடைக்க வைத்திருந்த துண்டு, எங்கள் வீட்டில் விருந்தாளிக்கு எடுத்துவைத்திருக்கும் துண்டைவிட நல்ல துண்டு. வாசலில் குத்துவிளக்கு ஏற்றி, பக்கத்தில் ஒரு காகிதக் குடையையும் விரித்து வைத்திருந்தீர்கள். விளக்கு மழையில் நனையக் கூடாது என்ற அக்கறை என்று அம்மா நினைத்துக்கொண்டார். நானும் திருத்தவில்லை.

நாங்கள் பாகான் செராயில் ரயிலேறி வந்தவர்கள். அம்மாவுக்கு 91 வயது. பினாங்கில் வேலை பார்க்கும் என் மகள், "பாட்டியக் கூட்டிக்கிட்டு ஒரு நாளாவது பெரிய எடத்துல உக்காந்து சாப்பிடுங்கம்மா" என்று இரண்டு பேருக்கும் முன்கூட்டியே பணம் கட்டிவிட்டாள். தலைக்கு 128 வெள்ளி, பிளஸ் பிளஸ். இந்த பிளஸ் பிளஸ்ஸை அம்மாவுக்கு விளக்கி முடிப்பதற்குள் கோலகங்சார் வந்துவிட்டது. முதல் பிளஸ், சிரித்துப் பரிமாறுவதற்கு நூற்றுக்குப் பத்து. இரண்டாவது பிளஸ், அந்தச் சிரிப்பை நாம் வாங்கிக்கொண்டதற்காக அரசாங்கத்துக்கு நூற்றுக்கு ஆறு. இந்த நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. வாரம் ஆறு நாள் வேலை என்றால் நாள் கூலி 65 வெள்ளி 38 சென். ஆக, அன்று நாங்கள் இருவரும் தின்றது ஒரு ஆளின் நாலரை நாள் உழைப்பு. தின்று முடிக்க நீங்கள் கொடுத்த நேரம் இரண்டு மணி.

பலகாரம் மூன்றடுக்குத் தட்டில் வந்தது. டிபன் கேரியரைக் கழற்றி, மூடியைத் தொலைத்துவிட்டு, ஒரு கம்பியில் கோர்த்தது போல. அடித்தட்டில் கறிபாப் இரண்டு. ஒவ்வொன்றும் என் கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது, மேலே கடற்பாசித் தூள். நடுத்தட்டில் யூசு அதிரசம், கறுப்பு எள் நெய் உருண்டை. எலுமிச்சைப்புல் ஜெல்லியும் இருந்தது. அதற்குப் பக்கத்தில் இருந்த அட்டை, 'கிழக்கின் அரிய மூலிகை' என்றது. எலுமிச்சைப்புல்லுக்கு மலாயில் செராய் என்று பெயர். எங்கள் ஊர்ப் பெயரிலேயே அது இருக்கிறது. வேலி ஓரத்தில் வளர்கிறது, மாடு கூட ஒதுக்கிவிட்டுப் போகும். அரிய மூலிகை மேலும் தேவைப்பட்டால் சொல்லி அனுப்புங்கள், கட்டுக்கட்டாக ரயிலில் ஏற்றிவிடுகிறேன்.

மேல்தட்டில் பச்சை முறுக்கு. அம்மா அதைக் கையில் எடுத்து, கண்ணாடியை ஏற்றிவிட்டு, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சுத்தெல்லாம் ஒரே மாதிரி இருக்கு. கையால புழியல" என்றார். ரப்பர் தோட்டத்து லயத்தில் இருந்த நாளில் தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பே நாலு வீட்டுப் பெண்கள் சேர்ந்து ராத்திரியில் எண்ணெய்ச் சட்டி ஏற்றுவார்கள். விடியக்காலை பெரட்டுக்கு, அதாவது தோட்டத்து ஆள்கணக்குக்கு, போக வேண்டும் என்பதால் நள்ளிரவுக்குள் முடித்தாக வேண்டும். முறுக்கின் சுற்றைப் பார்த்தே எது யார் கை என்று சொல்லிவிடலாம். கடைசிச் சுற்று கோணலாக இருந்தால் அது தூக்கக் கலக்கத்தில் பிழிந்தது. உங்கள் முறுக்கில் தூக்கக் கலக்கமே இல்லை. அம்மாவுக்குப் பல் இல்லாததால் அதைத் தேத்தண்ணியில் முக்கினார். தேத்தண்ணி பச்சையாகிவிட்டது. பரிமாற வந்த பிள்ளை பதறிப்போய் வேறு குவளை கொண்டுவந்தது. அந்தப் பதற்றம் முதல் பிளஸ்ஸில் அடக்கம் என்று எடுத்துக்கொள்கிறேன்.

இப்போது விளக்கம் கோருதல். 'ஜப்பான் சாயல்' என்றால் எந்த ஜப்பான்?

அந்நாட்டுத் தேநீர்க்கலைக்கு இலக்கணம் வகுத்தவர் சென் நோ ரிக்யூ. 16ஆம் நூற்றாண்டுக்காரர். அவர் அமைத்த தேநீர் அறை இரண்டு பாய் விரிக்கிற அளவுதான். வாசல் இத்தனூண்டு, எப்பேர்ப்பட்ட சாமுராயும் வாளை வெளியே வைத்துவிட்டு, குனிந்து தவழ்ந்துதான் உள்ளே வர வேண்டும். கரடுமுரடான கோப்பை, மண்சுவர், ஒற்றைப் பூ. படித்தபோது எனக்கு எங்கள் தோட்டத்து லயம்தான் நினைவுக்கு வந்தது. அதுவும் இரண்டு பாய் அகலம், குனிந்துதான் நுழைய வேண்டும், கோப்பையும் கரடுமுரடுதான். என்ன, அதை யாரும் அழகியல் என்று எங்களிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பெருமையாக இருந்திருப்போம். அதே ரிக்யூவை ஆதரித்த ஹிதயோஷி என்ற அதிபதி, கழற்றி எடுத்துப்போகிற மாதிரி தங்கத்தாலேயே ஒரு தேநீர் அறை செய்துவைத்துக்கொண்டார். பிறகு 1591இல் ரிக்யூவையே வயிற்றைக் கிழித்துக்கொண்டு சாகச் சொன்னார். உங்கள் கூடத்துச் சுவரில் மின்னிய தங்கத் தாளைப் பார்த்தால், இந்த இருவரில் நீங்கள் யார் பக்கம் என்று கேட்க வேண்டிய அவசியமில்லை.

அல்லது நான் பார்த்த ஜப்பானா? 1982இல் அப்போதைய பிரதமர் மகாதீர் 'கிழக்கை நோக்குங்கள்' என்றார். நாங்கள் நோக்கினோம். அதாவது, மறு வருடமே விடியற்காலை ஐந்து மணிக்கு ஜப்பான்காரன் ஃபேக்டரி பஸ் வரும் திசையை நோக்கி நின்றோம். பால்மரத்தை விட்டு வந்த பெண்பிள்ளைகள் நாங்கள் நாற்பது பேர், வானொலிப்பெட்டிக்குள் போகிற சின்னஞ்சிறு சாமான்களைப் பற்றவைத்தோம். காலையில் எல்லாரும் வரிசையாக நின்று கையைக் காலை ஆட்டி உடற்பயிற்சி, பிறகு வேலை. மணியடித்தால் தேத்தண்ணி, பத்து நிமிடம். மறுபடி மணியடித்தால் குவளை பாதி நிரம்பியிருந்தாலும் வைத்துவிட்டு எழ வேண்டும். எனக்குத் தெரிந்த ஜப்பான் சாயல் தேநீர் அது ஒன்றுதான். உங்கள் இரண்டு மணி நேரத்தோடு ஒப்பிட்டால் கொஞ்சம் அவசரம், ஆனால் பிளஸ் பிளஸ் கிடையாது.

இன்னொரு ஜப்பானும் உண்டு. உங்கள் சமையல் வல்லுநருக்குப் பயன்படும் என்பதால் இலவசமாகவே சொல்கிறேன். கியோத்தோவில் கமெயா கியோனாகா என்று ஒரு பலகாரக் கடை, 1617இல் தொடங்கியது. அங்கே 'கங்கிதான்' என்று ஒன்று செய்கிறார்கள். சிவப்புப் பயறு விழுதில் ஏழு வகை வாசனைப் பொருள் சேர்த்துப் பூரணமாக்கி, மாவில் வைத்து, சுருக்குப்பை போல வாயை மடித்து, நல்லெண்ணெயில் பொரித்து எடுப்பது. மேலே உள்ள எட்டு மடிப்பும் தாமரையின் எட்டு இதழ். இதைப் படைக்கிற சாமிக்குக் கங்கிதென் என்று பெயர். யானைத் தலை. ஆமாம், நம்ம ஆள்தான். பௌத்தத்தோடு சீனா போய், அங்கிருந்து ஆயிரத்துச் சொச்சம் ஆண்டுகளுக்கு முன் ஜப்பானில் இறங்கியவர், போகும்போது மோதகத்தையும் கையோடு கொண்டுபோயிருக்கிறார். தோக்கியோவின் அசகுசா பக்கத்தில் அவருக்கு இன்றைக்கும் கோயில் இருக்கிறது, அங்கே முள்ளங்கி படைக்கிறார்கள். நீங்கள் தீபாவளிப் பலகாரத்துக்கு ஜப்பான் சாயல் ஏற்றுவதற்குப் பல நூற்றாண்டுக்கு முன்பே ஜப்பான்காரன் மோதகத்தை எடுத்து, கோயில் பிரசாதமாக்கி, பத்திரமாக வைத்திருக்கிறான். அதைப் போட்டிருந்தால் அம்மா கும்பிட்டுவிட்டுச் சாப்பிட்டிருப்பார். நீங்கள் போட்டது பச்சை முறுக்கு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

தட்டு காலியாகும் நேரத்தில், தனியாக ஒரு கறுப்புக் கிண்ணத்தில் கடைசிப் பண்டம் வந்தது. கண்ணாடி போலத் தளதளவென்று நாலு கட்டி, மேலே பழுப்பு மாவு தூவியிருந்தது. பரிமாறியது தமிழ்ப் பிள்ளை, இருபது வயதிருக்கும். மனப்பாடம் செய்ததை ஒப்பித்தான். "பாட்டி, இது வாராபி மோச்சி. ஜப்பான்ல ராஜ வம்சத்துக்காரங்க சாப்பிட்டதாம் லா."

அம்மா ஒரு கட்டியை வாயில் போட்டார். மெல்லவில்லை, நாக்கில் வைத்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "தம்பி, இது மரவள்ளி மாவுப்பா" என்றார்.

"இல்ல பாட்டி, இது ஜப்பான்…"

"ஜப்பான்காரன் காலத்துல தின்னதுதான். எனக்குத் தெரியாதா?"

பிள்ளை நல்ல பிள்ளை, உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்தான். முகத்தில் லேசான அசடு. "ஆமா பாட்டி. டாப்பியோக்கா ஸ்டார்ச்சுதானாம்."

இதில் உங்கள் மேல் குற்றமில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். வாராபி மோச்சி என்பது ஒருவகைப் பெரணியின் கிழங்கிலிருந்து எடுக்கும் மாவில் செய்வது. அந்த மாவு கிடைப்பது அரிது, விலையும் எக்கச்சக்கம். ஜப்பானிலேயே பலரும் மரவள்ளி மாவிலோ சர்க்கரைவள்ளி மாவிலோதான் செய்கிறார்கள். மேலே தூவியது வறுத்த சோயா மாவு. என் கேள்வி வேறு. 296 வெள்ளி விருந்தில் உண்மையிலேயே ஜப்பான் சாயலாக இருந்த ஒரே பண்டம் அதுதான். அதன் வரலாற்றை ராஜ வம்சத்தோடு ஏன் நிறுத்திவிட்டீர்கள்?

மிச்சத்தை அம்மா சொன்னார். 1941 டிசம்பரில் ஜப்பான்காரன் வந்தபோது அவருக்கு ஏழு வயது. கிரியான் மாவட்டம் நெல் விளைகிற பூமி, ரயிலில் வந்தீர்களானால் இரண்டு பக்கமும் வயல்தான். அப்படிப்பட்ட ஊரிலேயே அரிசி பங்கீட்டுக்குப் போய், பிறகு பங்கீட்டிலும் வராமல் போனது. பர்மா, சயாம் அரிசியும் வரவில்லை. லயத்தைச் சுற்றி இருந்த இடமெல்லாம் மரவள்ளி. காலையில் அவித்தது, மத்தியானம் அரைத்துத் தட்டிய அடை, ராத்திரி கஞ்சி. சீவிப் பிழிந்து, அடியில் படிந்த மாவைக் காயவைத்தால் களி கிண்டலாம். உப்பு இருந்தால் உப்புப் போட்டு, இல்லாவிட்டால் அப்படியே. மூன்று வருடம் எட்டு மாதம் இதுதான் சாப்பாடு. காசு என்று வாழைமரம் போட்ட நோட்டைக் கொடுத்தார்கள். சண்டை முடிந்ததும் அது அடுப்பெரிக்கத்தான் உதவியது. உடுத்தியது கோணி. அம்மா அந்தக் களிக்குப் பெயர் வைக்கவில்லை. உங்களைப் போல ஒரு நிர்வாகம் அப்போது இருந்திருந்தால் 'கருகிய பூமியின் தூய ஸ்படிகம்' என்று அட்டையாவது எழுதியிருக்கும்.

கடிகாரத்தையும் அவர்கள் மாற்றினார்கள். 1942 பிப்ரவரியிலிருந்து மலாயா முழுக்கத் தோக்கியோ நேரம், இருந்ததைவிட ஒன்றரை மணி முன்னால். ஆண்டுக்கணக்கு கூட 2602 ஆகிவிட்டது. பெரட்டுக்கு மணி அடிக்கும்போது வெளியே நடுராத்திரி போல இருக்கும் என்று அம்மா சொல்லியிருக்கிறார். அவருடைய அப்பா அப்படி ஒரு இருட்டில்தான் பெரட்டுக்குப் போனார். அது 1943. சயாமில் ரயில் பாதை போடுகிறார்கள், மூன்று மாத வேலை என்றார்கள். 415 கிலோமீட்டர் பாதை அது, தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களைக் கொண்டுபோனார்கள்.

இவ்வளவும் எனக்கு முன்பே தெரியும். அன்று உங்கள் மேசையில்தான் அம்மா எனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லத் தொடங்கினார். இரண்டாவது கட்டியைக் கரண்டியில் எடுத்து வைத்துக்கொண்டு, அதைத் தின்னாமல், "அப்பா அன்னிக்குக் காலையில கிழங்கை ஒரு துணியில முடிஞ்சி…" என்றார்.

மணி ஐந்து. பில் வைக்கிற தோல் அட்டையோடு உங்கள் மேற்பார்வையாளர் வந்து நின்றார். பணம் ஏற்கனவே கட்டியாயிற்று, அட்டையில் ஒன்றுமில்லை. அடுத்த குழுவினர் காத்திருக்கிறார்கள் என்பதைத் தெரிவிக்கும் உங்கள் நாகரிக முறை அது என்று புரிந்தது. மணியடிக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். அம்மா கரண்டியை வைத்துவிட்டார். ரயிலில் கேட்டேன், "என்னத்தச் சொன்னேன்?" என்றார். வீட்டுக்கு வந்து கேட்டேன், பசியாறிவிட்டுச் சொல்கிறேன் என்றார். இன்னும் சொல்லவில்லை.

ஆகவே நிர்வாகத்தாரே, பணத்தைத் திருப்பித் தரச் சொல்லி நான் கேட்கவில்லை. முறுக்கின் நிறத்தை மாற்றச் சொல்லியும் கேட்கவில்லை, அது உங்கள் மனசாட்சியைப் பொறுத்தது. என் விண்ணப்பம் ஒன்றுதான். அடுத்த மாதம் அதே மேசை எண் 7இல், தூணுக்குப் பின்னாலேயே இருக்கட்டும், இரண்டு இருக்கை ஒதுக்கிவைக்கவும். வேறு எதுவும் வேண்டாம், அந்த மரவள்ளிக் கிண்ணம் மட்டும் போதும், இரண்டு பிளஸ்ஸோடும் கட்டிவிடுகிறேன். நேரம் மட்டும் உங்கள் இரண்டு மணியோடு இன்னும் ஒன்றரை மணி சேர்த்துக் கொடுக்கவும். எந்தக் கணக்கில் என்று மேற்பார்வையாளர் கேட்டால், தோக்கியோ நேரத்தில் எங்களுக்கு வர வேண்டிய பாக்கி என்று எழுதிக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
மேசை எண் 7.

பி.கு.: பரிமாறிய பிள்ளையை அன்றைக்கும் அனுப்பவும். சுங்கை சிப்புட் பக்கமாம். நாங்கள் கிளம்பும்போது, யாரும் பார்க்காத நேரத்தில், மிச்சமிருந்த கட்டிகளைக் காகிதத்தில் மடித்து அம்மாவின் பைக்குள் வைத்தவன் அவன்தான். உணவை வெளியே எடுத்துச்செல்ல அனுமதியில்லை என்ற உங்கள் விதி எனக்குத் தெரியும். அதற்குரிய அபராதத்தை என் பெயரில் எழுதவும், அவன் பெயரில் வேண்டாம்.