யார் கை பட வேண்டும்?

உடம்பில் குழாயோடு படுத்திருப்பவர்களைப் பற்றியும், அந்தக் குழாயின் மேல் ஒட்டும் கட்டைப் பற்றியும் கேள்விகள் நிறையச் சேர்ந்துவிட்டன. இந்த வாரம் அவற்றுக்கே இடம்.

கேள்வி: அப்பாவுக்குக் கழுத்தில் குழாய் போட்டிருக்கிறார்கள். குழாய் போட்டவர் டாக்டர். கட்டு மாற்றுவது மட்டும் தாதி. இது சரியா? (வாசகி, தோ பாயோ)

பதில்: சரிதான், நல்லதும்கூட. குழாயை உள்ளே செலுத்துவது சில நிமிட வேலை. கிருமி அண்டாமல் அதைக் காப்பது வாரக்கணக்கில் நடக்கும் வேலை. அதில் கை பழகியவர் தாதி.

கேள்வி: அப்படியானால் எந்தத் தாதியும் செய்யலாமா? (வாசகர், ஃபேரர் பார்க்)

பதில்: கூடாது. கழுத்து வழியே போகும் குழாயின் நுனி இதயத்தின் வாசலில் நிற்கிறது. தோலில் இருக்கும் கிருமி அதைப் பிடித்துக்கொண்டு இறங்கினால் நேராக ரத்தத்தில் கலக்கும். ஆகவே கட்டு மாற்றுபவர் முகக்கவசம் போட வேண்டும், நோயாளி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்ள வேண்டும், பழைய கட்டைக் குழாய் இழுபடாமல் உரிக்க வேண்டும், கையை மறுபடி சுத்தம் செய்து கிருமி நீக்கிய கையுறை அணிய வேண்டும். பிறகு குளோர்ஹெக்சிடின் கலந்த ஆல்கஹாலால் துடைத்து, தானாகக் காயும்வரை பொறுத்திருக்க வேண்டும். ஊதவும் கூடாது, விசிறவும் கூடாது. பழகாத கை அவசரத்தில் தவறவிடுவது இந்தப் பொறுமையைத்தான்.

அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் 2011ஆம் ஆண்டு வழிகாட்டி, பயிற்சி பெற்றுத் தேர்ச்சியைச் செய்து காட்டியவர்களிடமே இந்த வேலையை ஒப்படைக்கச் சொல்கிறது. தீவிர சிகிச்சைப் பிரிவில் மாற்றாள்களாக வரும் தாதியர் கூடினாலோ, ஒரு தாதிக்கு நோயாளிகள் அதிகமானாலோ ரத்தத் தொற்று கூடுவதை ஆய்வுகள் காட்டுவதாகவும் அதே வழிகாட்டி குறிப்பிடுகிறது. ஒவ்வொரு வார்டிலும், ஒவ்வொரு ஷிஃப்டிலும், இந்த வேலைக்கென்றே தேர்ந்த சிலர் இருக்க வேண்டும் என்பதே என் கட்சி.

கேள்வி: டாக்டர் முறை தவறினால் தாதி தடுக்க முடியுமா? (வாசகர், ஈசூன்)

பதில்: முடிய வேண்டும். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 103 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் அந்த அதிகாரத்தைத் தாதியருக்குக் கொடுத்தார்கள். குழாய் போடும் டாக்டர் ஒரு படியை விட்டாலும் தாதி நிறுத்தலாம். அந்த முயற்சியை நடத்திய மருத்துவர் பீட்டர் புரோனவோஸ்ட் குழுவினர் 2006இல் முடிவை வெளியிட்டார்கள்: குழாய் இருக்கும் ஒவ்வொரு 1,000 நாளுக்கும் 2.7 ஆக இருந்த ரத்தத் தொற்றின் இடைநிலை அளவு, மூன்றே மாதத்தில் பூஜ்யம்.

கேள்வி: மிஸ்ஸி (தாதி) கையுறை போட்டிருந்தார், ஆனால் அவர் கை கழுவியதை நான் பார்க்கவில்லை. கேட்டால் கோபித்துக்கொள்வாரா? (வாசகி, பூன் கெங்)

பதில்: "மிஸ்ஸி, கை சுத்தம் செஞ்சாச்சா?" என்று சிரித்த முகத்தோடு கேளுங்கள். கையுறை கை சுத்தத்துக்கு ஈடாகாது என்பது அவருக்கும் தெரியும்.

கேள்வி: 7 நாளுக்கு ஒருமுறை மாற்றுவோம் என்றார்கள். நான்காம் நாளே ஓரம் கிளம்பிவிட்டது. (வாசகர், சிராங்கூன் ரோடு)

பதில்: உடனே சொல்லுங்கள். ஒளிபுகும் கட்டுக்கு 7 நாள், துணிக்கட்டுக்கு 2 நாள் என்பது அதிகபட்சக் கெடு. நனைந்தாலோ தளர்ந்தாலோ அழுக்கானாலோ அப்போதே மாற்ற வேண்டும். மின்விசிறி மட்டுமே உள்ள சி வகுப்பு வார்டில், நம் ஊர்ப் புழுக்கத்தில், வியர்வை கெடு பார்ப்பதில்லை. மேலே இன்னொரு பிளாஸ்திரி ஒட்டி ஒப்பேற்றாதீர்கள்.

கேள்வி: அம்மா வீரமாகாளியம்மன் கோயிலுக்குப் போக வேண்டும் என்கிறார். கழுத்துக் குழாயோடு விபூதி, சந்தனம் பூசலாமா? (வாசகி, ரேஸ் கோர்ஸ் ரோடு)

பதில்: டாக்டர் அனுமதித்தால் தரிசனம் செய்யட்டும். விபூதி நெற்றியோடு நிற்கட்டும். கழுத்துப் பக்கம் விபூதி, சந்தனம், பவுடர் எதுவும் வேண்டாம்.

கேள்வி: ரத்தச் சுத்திகரிப்புக்கு நெஞ்சில் குழாய் இருக்கிறது. வார்டில் அதிலேயே ரத்தம் எடுக்கலாமே? (வாசகர், தெக்கா)

பதில்: உயிர்போகும் அவசரம் தவிர வேண்டாம். அதைத் திறக்க வேண்டியவர்கள் ரத்தச் சுத்திகரிப்புத் தாதியர். கட்டும் அவர்கள் பொறுப்பு. இங்கே சிங்கப்பூரில் புதிதாகச் சிறுநீரகம் செயலிழப்போரில் ஏறத்தாழ மூன்றில் இருவருக்கு நீரிழிவுதான் காரணம். தொற்றை எதிர்க்கும் சக்தி ஏற்கெனவே குறைந்த உடம்பு அது.

கேள்வி: எங்கள் பணிப்பெண் கெட்டிக்காரி. காணொளி பார்த்துக் கட்டு மாற்றிவிடுவாள். (வாசகி, பொங்கோல்)

பதில்: கழுத்து, நெஞ்சுக் குழாய்களில் அவர் கைவைக்கக் கூடாது. தவறு நேர்ந்தால் பழியும் அந்தப் பெண் மேல்தானே விழும்? சிறுநீர்க் குழாய் வேறு. பையைக் காலி செய்வது, அதை இடுப்புக்குக் கீழே, தரையில் படாமல் தொங்கவிடுவது, அந்த இடத்தைச் சோப்பும் தண்ணீரும் கொண்டு தினமும் கழுவுவது எல்லாம் தாதி கற்றுக்கொடுத்தால் அவர் செய்யலாம். குழாயையே மாற்ற வேண்டுமென்றால் வீட்டுக்கு வரும் தாதியைக் கூப்பிடுங்கள். ஹோம் நர்சிங் ஃபவுண்டேஷன் 1976இலிருந்து இந்தத் தொண்டைச் செய்கிறது.

கேள்வி: ஆகஸ்ட் 1 தாதியர் தினம். வாழ்த்து அட்டை தவிர வேறென்ன கொடுக்கலாம்? (வாசகர், அங் மோ கியோ)

பதில்: 1885இல் அந்த நாளில்தான் பிரெஞ்சுக் கன்னியாஸ்திரிகள் இங்குள்ள பொது மருத்துவமனையில் தாதிமைப் பணியைத் தொடங்கினார்கள். இன்றைய தாதிக்கு நாம் கொடுக்கக்கூடியது இடையூறில்லாத பதினைந்து நிமிடம். அவர் கட்டு மாற்றும்போது தண்ணீர் கேட்டோ தலையணையைச் சரிசெய்யச் சொல்லியோ கூப்பிடாதீர்கள். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் திரைக்கு வெளியே நில்லுங்கள்.