தப்பு உங்கள் விரலில்தான்

டி.வி. ரிமோட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். நாற்பது, ஐம்பது பட்டன்கள். வீட்டில் யாரும் ஐந்துக்கு மேல் தொட்டிருக்க மாட்டார்கள். அந்த ஐந்தின் எழுத்தும் சீக்கிரமே தேய்ந்து போகும். தேயாமல் பளிச்சென்று நிற்பவை ஓடிடி கம்பெனிகளின் பெயர் பொறித்த பட்டன்கள். அந்த இடத்துக்கு அவர்கள் காசு கொடுக்கிறார்கள். சத்தத்தைக் குறைக்கும் பட்டனுக்கு யார் காசு கொடுப்பார்கள்? அது ஓரத்தில் பொடியாகக் கிடக்கிறது. தாத்தா செய்தி பார்க்கப் போகிறார். விரல் கொஞ்சம் விலகுகிறது. சந்தா கட்டச் சொல்லித் திரை வந்து நிற்கிறது. பேரன் உடனே தீர்ப்புச் சொல்கிறான்: “தாத்தா, உங்களுக்கு ஒண்ணுமே தெரியல.”

தாத்தா மின்வாரியத்தில் கம்பம் ஏறி வேலை பார்த்தவர். எந்தக் கம்பியைத் தொட்டால் உயிர் போகும் என்று இருட்டிலும் சொல்வார். அவரை ஒரு பிளாஸ்டிக் துண்டு முட்டாளாக்குகிறது. வீடே சேர்ந்து ஆமாம் போடுகிறது. பொருளை மோசமாகச் செய்தவன் தப்பிவிட்டான். பழி, காசு கொடுத்து வாங்கியவன் தலையில்.

சமையலறைக்கு வாருங்கள். தொட்டால் வேலை செய்யும் மின் அடுப்பு. ஈரக்கை பட்டால் அதற்குக் காது கேட்காது. பால் பொங்கும்; ஓடிப்போய்த் தட்டுவீர்கள். பால் வழிந்த பலகை கீச் கீச்சென்று கத்துமே தவிர, சொன்னபடி கேட்காது. சமையலறையில் கை ஈரமாக இருக்கும் என்பது அதை வடிவமைத்த மேதைக்குத் தெரியவில்லை. அவர் வீட்டில் சமைப்பது வேறு யாரோ. புகார் செய்தால், கையேட்டைப் படித்தீர்களா என்று கேட்பார்கள். கையேடு பத்து மொழிகளில் இருக்கும். படிக்கத்தான் பூதக்கண்ணாடி வேண்டும்.

அரசாங்கம் இதில் பின்தங்கிவிடுமா? இணையத்தில் விண்ணப்பம் போட உட்காருங்கள். புகைப்படம் 20 கேபிக்குக் குறையக் கூடாது, 50 கேபியைத் தாண்டக் கூடாது. கேபி என்றால் என்ன என்று விதவை உதவித்தொகை கேட்டு வந்த அம்மாவுக்கு யாரும் சொல்வதில்லை. எல்லாவற்றையும் நிரப்பிவிட்டு ஆதார் அட்டையைத் தேடி எழுந்து போய் வந்தால், நேரம் முடிந்தது, மறுபடி முதலிலிருந்து வாருங்கள் என்கிறது திரை. அலுவலகங்களில் வரிசை ஒழிந்தது என்று பெருமை பேசுகிறார்கள். ஒழியவில்லை, இடம் மாறியிருக்கிறது. இப்போது அது இ-சேவை மையத்து வாசலில் நிற்கிறது. மக்களுக்காகச் செய்த இணையதளத்தோடு மல்லுக்கட்ட மக்களே இன்னொருவருக்குக் கூலி கொடுக்கிறார்கள்.

மோசமாக வடிவமைத்த கதவைத் திறக்கத் தெரியாமல் ஒருவர் விழித்தால் குற்றம் கதவின் மேல்தான் என்று டான் நார்மன் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1988-லேயே புத்தகம் போட்டுச் சொல்லிவிட்டார். வடிவமைப்புத் தொழிலுக்கு அது வேதம். நம் ஊரில் இன்னும் கண்ணாடிக் கதவில் ‘தள்ளு’ என்று எழுதி ஒட்டி, இழுப்பதற்கு வாகாகக் கைப்பிடியும் வைக்கிறார்கள்.

சின்ன விஷயத்துக்கு இவ்வளவு கோபமா என்கிறீர்களா? பெரிய விஷயத்துக்கு வருவோம். நியூயார்க்கின் சிட்டி வங்கி. 2020 ஆகஸ்ட் 11. ரெவ்லான் என்ற அழகுசாதன நிறுவனத்துக்குக் கடன் கொடுத்தவர்களுக்கு சுமார் 78 லட்சம் டாலர் வட்டி இந்த வங்கி வழியாகப் போக வேண்டும். வேலை நடந்தது நம் சென்னையில், ஒப்பந்த ஊழியர்கள் கையில். வட்டியை மட்டும் அனுப்ப அந்த மென்பொருளில் நேர்வழி கிடையாது. கடன் முழுவதையும் அடைப்பதுபோல் பதிவு செய்துவிட்டு, அசலை மட்டும் வங்கியின் உள்கணக்குக்குத் திருப்பிவிட வேண்டும். அதற்குத் திரையில் மூன்று பெட்டிகள். ‘பிரின்சிபல்’, ‘ஃப்ரன்ட்’, ‘ஃபண்ட்’. பிரின்சிபல் என்றால் அசல். அசலைத்தானே நிறுத்த வேண்டும்? அந்தப் பெட்டியை மட்டும் நிரப்பினார்கள். ஒருவர் பதிந்தார், இன்னொருவர் சரிபார்த்தார், அமெரிக்காவிலிருந்த அதிகாரி ஒப்புதல் கொடுத்தார். மூன்று பெட்டியையும் நிரப்ப வேண்டும் என்று ஆறு கண்களில் ஒன்றுக்கும் தோன்றவில்லை.

பணம் வங்கியைவிட்டு வெளியே போகும், தொடரலாமா என்று ஒரு எச்சரிக்கையும் வந்தது. எவ்வளவு போகும் என்று அது சொல்லவில்லை. வட்டி எப்படியும் வெளியேதானே போக வேண்டும்? தொடரலாம் என்றார்கள். கிட்டத்தட்ட 90 கோடி டாலர் போய்விட்டது. வாங்கியவர்களில் பலர் சுமார் 50 கோடியைத் திருப்பித்தர மறுத்தார்கள். 2021-ல் நீதிமன்றமும் அவர்கள் பக்கம் நின்றது. 2022 செப்டம்பரில் மேல்முறையீட்டில்தான் வங்கிக்கு உயிர் வந்தது. அந்த ஃப்ளெக்ஸ்கியூப் மென்பொருளை உருவாக்கிய இந்திய நிறுவனம், சிட்டியின் துணை நிறுவனமாகப் பிறந்தது என்பது கூடுதல் அழகு. தாங்கள் பெற்ற பிள்ளையிடமே உதை வாங்கிவிட்டு, வங்கி அதை எழுத்தர் பிழை என்றது. தாத்தாவுக்கு வந்த அதே தீர்ப்பு.

ஆனால் கம்பெனிகளுக்கு வடிவமைக்கத் தெரியாது என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். நம் பையிலிருந்து பணம் எடுக்கிற இடத்தைப் பாருங்கள். என்ன நேர்த்தி! பட்டன் பெரியது, பச்சை நிறம், ஒரே தட்டு. பணம் போக இரண்டு நொடி. திரும்பி வர ஐந்து முதல் ஏழு வேலைநாள். சேர்வதற்குக் குழந்தை விரலே போதும். விலகுவதற்கு வக்கீல் வேண்டும். திறமை இருக்கிறது. எந்தப் பக்கம் காட்ட வேண்டும் என்பதும் அவர்களுக்குத் தெளிவாகத் தெரிகிறது.

அமேசானில் பிரைம் சந்தாவை ரத்து செய்ய 4 பக்கம், 6 கிளிக், 15 தேர்வுகள் தாண்ட வேண்டியிருந்தது என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் 2023-ல் வழக்குப் போட்டது. கம்பெனிக்குள் அந்த வழிக்கு வைத்திருந்த பெயர் ‘இலியட்’. முடிவில்லாமல் இழுத்த டிராய் போரைப் பாடும் கிரேக்க இதிகாசம். நம்மை அலைக்கழிப்பதற்குக்கூட இலக்கிய ரசனையோடு பெயர் வைத்திருக்கிறார்கள். 2025 செப்டம்பரில் 250 கோடி டாலர் கட்டி விவகாரத்தை முடித்துக்கொண்டார்கள். தவறு செய்தோம் என்று ஒப்புக்கொள்ளவில்லை.

நம் நாட்டிலும் சட்டம் இருக்கிறது. கேட்காமலே கூடையில் பொருளைச் சேர்ப்பது, ‘இன்னும் இரண்டுதான் மிச்சம்’ என்று பொய்யாக அவசரப்படுத்துவது, காப்பீடு வேண்டாம் என்றால் ‘பாதுகாப்பில்லாமலே இருந்துகொள்கிறேன்’ என்று நம் வாயாலேயே சொல்லவைத்துக் கூசச் செய்வது என்று 13 வகைத் தந்திரங்களை 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தடை செய்தது. பட்டியல் அருமை. கம்பெனிகளே அதைப் படித்து ஏதும் விட்டுப்போயிற்றா என்று சரிபார்த்திருக்கக் கூடும்.

2025 ஜூனில் ஆணையத்துக்குக் கோபம் வந்தது. மூன்று மாதத்துக்குள் உங்களை நீங்களே தணிக்கை செய்துகொள்ளுங்கள் என்று கம்பெனிகளுக்கு அறிவுரை சொன்னது. பையனே பரீட்சை எழுதி, பையனே திருத்தி, பையனே மதிப்பெண் போட்டுக்கொள்ளும் பள்ளிக்கூடம் இது. நவம்பரில் முடிவு வந்தது. முன்னணி நிறுவனங்கள் 26, எங்கள் தளத்தில் அப்படி எந்தத் தந்திரமும் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டன. எல்லோரும் பாஸ்.

அடுத்த முறை ஏதாவது வாங்கும்போது, பணம் கட்டும் கடைசித் திரையில் கொஞ்சம் நில்லுங்கள். நீங்கள் கேட்காத காப்பீடோ நன்கொடையோ ஏற்கெனவே டிக் அடித்து உட்கார்ந்திருந்தால், உங்கள் விரலைத் திட்டிக்கொண்டு நகர்ந்துவிடாதீர்கள். திரையைப் படம் பிடியுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. புகாரைப் பதிவு செய்யுங்கள்.