முதுகைக் காட்டு, சூரியன் தெரியும்

ஏலே, கழுத்தை இறக்கு. அண்ணாந்தே நின்னா சூரியன் இறங்கி வந்து உங்கிட்ட குசலம் விசாரிக்கவா போவுது?

நான் கோவில்பட்டிக் கரிசல்ல வெயில் குடிச்சு வளந்தவன். இப்ப கல்கத்தா பாலிகஞ்ச்ல மகன் வீடு. இங்க எனக்கு வேலைன்னு ஒண்ணும் கிடையாது. ஊர் பண்ணுத கூத்தைப் பாக்கதுதான் வேலை. சம்பளம் இல்ல, ஆனா லீவும் இல்ல.

2022 அக்டோபர் 25-ம் தேதி கூத்தைச் சொல்லுதேன், கேளு. தீபாவளிக்கு மறுநாள். சாயங்காலம் சூரிய கிரகணம். கல்கத்தாவுல பிடிக்கது 4.52-க்கு. அஞ்சு மணி தாண்டினா சூரியன் அடைஞ்சிரும். மொத்தமே 12 நிமிஷம்லே! ஒரு காப்பி ஆத்திக் குடிக்க நேரம். அதுக்கு என்ன ஆர்ப்பாட்டம்! நம்ம ஆளு வீட்டுல ஊறுகாய் ஜாடி மேல தர்ப்பை. பக்கத்து வீட்டு வங்காளி அம்மா மத்தியானச் சோத்தை அப்படியே கொட்டிட்டா. மேல் வீட்டுப் பையன் முக்காலி ஸ்டாண்டு, முழ நீளத்துக்கு லென்ஸு, ரெண்டு பவர் பேங்கு எல்லாத்தையும் மொட்டை மாடிக்கு ஏத்தினான். ஏத்தி, திருகி, நிமித்தி முடிக்கையில சூரியன் எதிர் அபார்ட்மெண்ட் தண்ணித் தொட்டிக்குப் பின்னால போய்ட்டு. பையன் தொட்டியப் போட்டோ எடுத்துட்டு இறங்கினான்.

அன்னைக்கு எனக்கு ஒண்ணு தெளிஞ்சு போச்சு. பயந்தவன் ஜன்னலைச் சாத்துதான். படிச்சவன் கண்ணைக் கெடுக்கான். நடுவுல நிக்க ஆளே இல்ல.

சாத்துதவனை விடு, அவனுக்கு நட்டம் ஒரு வேளைச் சோறுதான். 1980 பிப்ரவரி 16-ல வந்த கிரகணத்துக்கு நாடே சாத்திக் கெடந்துது. ஜனங்க வெளிய வந்து கண்ணைக் கெடுத்துக்கக் கூடாதுன்னு தூர்தர்ஷன்ல பகல்லயே சினிமா போட்டாங்க. ஒரு அரசாங்கம் ஜனங்க கண்ணைக் காப்பாத்தச் சினிமா போட்டது, எனக்குத் தெரிஞ்சு, அந்த ஒரு தடவைதான்.

நான் பேசுதது படிச்சவன்கிட்ட. அதாவது உங்கிட்ட.

"தாத்தா, மத்த நாள் சூரியனைப் பாத்தா ஒண்ணும் ஆவல, கிரகணத்தன்னைக்கு மட்டும் விஷமா?"ன்னு கேப்ப. கேளு, கேக்கணும். விஷமும் இல்ல, ராகுவும் இல்ல. மத்த நாள் நீ எங்க பாத்த? கூசுது, முகத்தைத் திருப்பிக்கிடுத. அந்தக் கூச்சம்தான் உனக்குக் காவல். கிரகணத்தன்னைக்கு முக்கால்வாசி மூடினதும் வெளிச்சம் மட்டுப்படுது, கூச்சம் குறையுது, காவக்காரன் தூங்கிருதான். மிச்சம் இருக்க பிறைத் துண்டு மட்டும் அதே சூட்டோட, அதே பிரகாசத்தோட எரியுது. நீ பல்லைக் காட்டிக்கிட்டு அதையே உத்துப் பாக்க.

சின்ன வயசுல பூதக்கண்ணாடிய வச்சுப் பேப்பரைப் பொசுக்குனியா இல்லியா? உன் கண்ணுக்கு முன்னால அதே கண்ணாடி இருக்கு. பின்னால பேப்பருக்குப் பதிலா விழித்திரை. அதுக்கு வலி தெரியுத நரம்பு கிடையாதாம். பொசுங்கையில உனக்கு ஒண்ணும் தெரியாது. "பாத்தியளா, எனக்கு ஒண்ணும் ஆவல"ன்னு சவடால் அடிச்சுட்டுச் சாப்பிட்டுப் படுப்ப. காலைல பேப்பரை விரிச்சா, எந்த எழுத்தைப் பாக்கியோ அது மட்டும் தெரியாது. சுத்தி இருக்கதெல்லாம் தெரியும். கதவு நிலை வளைஞ்சு தெரியும். சில பேருக்கு மாசக் கணக்குல கொஞ்சம் தேறும். சில பேருக்கு அந்தக் கரும்புள்ளி நிலைச்சே போயிரும். இதுக்குன்னு நம்பிச் சாப்பிட மருந்து கிடையாது. ஆனாலும் கண் டாக்டரைப் பாத்துரணும். மூக்குக் கண்ணாடிக் கடைக்காரனை இல்ல.

"நான் நேரா பாக்கல, மஞ்சத் தண்ணியில பாத்தேன்"ங்கான் நம்ம ஊர்க்காரன். சாணித் தண்ணிம்பான் இன்னொருத்தன். சரி, கணக்குப் போடுவோமா? நேரா விழுத வெளிச்சத்துல நூத்துக்கு ரெண்டு பங்கைத் தண்ணி திருப்பி அனுப்புது. லட்சத்துக்கு ரெண்டாயிரம். சாயங்காலச் சாஞ்ச வெயில்ல இன்னும் கூட. ஐஎஸ்ஓ 12312-2-ன்னு ஒரு விதி இருக்கு. அதுப்படி கிரகணக் கண்ணாடி லட்சத்துல மூணு பங்கு சொச்சத்துக்கு மேல விடக்கூடாது. மூணு எங்க, ரெண்டாயிரம் எங்க?

உன்னைவிடப் புத்திசாலி ஒருத்தன் இந்தக் காரியத்தைப் பண்ணியிருக்கான். நியூட்டன். ஆமாலே, ஆப்பிள் நியூட்டன்தான். வாலிபத்துல சூரியனை முகம் பாக்க கண்ணாடியிலதான் பாத்தான், நேரா இல்ல. அப்புறம் எதைப் பாத்தாலும் அந்த வெளிச்ச உருவமே கண்ணுல நின்னுது. மூணு நாள் இருட்டறையில அடைஞ்சு கெடந்தான். அவ்வளவு மூளைக்காரனுக்கே கண்ணாடி கைகொடுக்கல. உன் மஞ்சத் தண்ணி கொடுக்குமா?

பெரிய பதவியும் காப்பாத்தாது. 2017 ஆகஸ்ட் 21-ல அமெரிக்காவுல கிரகணம். பிரசிடெண்ட் டிரம்ப் வெள்ளை மாளிகை மாடத்துல நின்னு வெறுங்கண்ணால அண்ணாந்தார். "பாக்காதீங்க"ன்னு கீழ இருந்து ஆளு கத்துதான். அவ்வளவு பெரிய வீட்டுல ஒரு சல்லடை இல்லாமலா போச்சு?

சல்லடைன்னு சும்மா சொல்லல. சூரியனைப் பாக்க நல்ல வழி, சூரியனுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கது. சிரிக்காத. முதுகைக் காட்டி நில்லு, சல்லடையத் தோளுக்கு மேல தூக்கிப் பிடி, கீழ வெள்ளைத் துண்டை விரி. ஓட்டைக்கு ஒரு சூரியன் விழும். கிரகணத்தன்னைக்குன்னா அத்தனையும் பிறை பிறையா விழும். ஓட்டை உள்ள இட்லித் தட்டு, முறுக்கு அச்சு, ஜல்லிக் கரண்டி, எதுவும் ஆவும். அட்டையில குண்டூசி ஓட்டை போட்டாலும் ஆவும். அந்த ஓட்டை வழியா சூரியனை எட்டிப் பாத்துராத! வெளிச்சம் எங்க விழுதுன்னு தரையைப் பாரு. பாதிப் பேரு இதுலதான் கோட்டை விடுதான்.

ஓலைக் கூரை வீட்டுல பொறந்தவனுக்கு இதை யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டாம். கூரை இடுக்கு கோணல் மாணலா இருக்கும், தரையில விழுதது மட்டும் உருண்டையா இருக்கும். எப்படி? அது ஓட்டையோட வடிவம் இல்லலே, சூரியனோட வடிவம். இங்க ரவீந்திர சரோவர் ஏரிக்கரையில மரத்தடியில பாரு, தினமும் ஆயிரம் சூரியன் மண்ணுல கெடக்கு. அதை மிதிச்சுக்கிட்டு வாக்கிங் போறானுவ. அதே ஏரிக்கரையில சில பேரு விடிஞ்சதும் கிழக்கே பாத்து விறைச்சு நின்னு இமைக்காம முறைக்கான். கேட்டா, சக்தி ஏறுதாம், யூடியூப்ல ஒரு சாமியார் சொன்னாராம். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்னு நம்ம ஊர்ல சொல்லுவோம். இவனுவ நமஸ்காரம் பண்ணியே கண்ணைக் கெடுத்துக்கிடுதானுவ.

மாடி வீட்டுக்காரனுக்கு இன்னொரு வித்தை சொல்லுதேன். சின்னக் கண்ணாடி ஒண்ணு எடு. மேல பேப்பரை ஒட்டி, மிளகு தண்டிக்கு ஒரு ஓட்டை போடு. ஜன்னல்ல வெயில் படுத மாதிரி சாச்சு வை. வெளிச்சத்தை உள் அறைச் சுவர் பக்கம் திருப்பு. விளக்கை அணைச்சு, மத்தத் திரையை எல்லாம் இழுத்து விடு. சுவத்துல வட்டமா சூரியன் வந்து உக்காந்துக்கும். பத்தடி தூரத்துக்கு ஒரு இன்ச்சுக்குச் சொச்சம் அகலம், முப்பதடின்னா மூணு இன்ச்சைத் தாண்டும். ரொம்பக் கிட்டத்துச் சுவர்ல அடிச்சா மங்கித்தான் தெரியும். தூரம் கூடக் கூடத் தெளியும். குடும்பத்தோட கட்டில்ல உக்காந்து, முறுக்கு கடிச்சுக்கிட்டே கிரகணம் பாக்கலாம். பேரன் பேத்திகிட்ட ஒண்ணு மட்டும் சொல்லி வை: சுவரைப் பாக்கணும், கண்ணாடிய எட்டிப் பாக்கக் கூடாது. செலவு? வீட்டுல உடைஞ்ச கண்ணாடித் துண்டு கெடக்கும்லா?

இதெல்லாம் பட்டிக்காட்டு வேலைன்னு நினைக்காத. கொடைக்கானல் சூரிய ஆய்வுக்கூடத்துல நூறு வருஷத்துக்கு மேல சூரியனைப் படமா எடுத்து அடுக்கியிருக்காங்க. 1909-ல எவர்ஷெட்னு ஒரு வெள்ளைக்காரர் அங்க இருந்துதான் சூரியப் புள்ளிக்குள்ள ஆவி வெளிமுகமா ஓடுதுன்னு கண்டுபிடிச்சார். எல்லாம் படத்தகட்டுல விழுந்த வெளிச்சத்தைப் பாத்துத்தான். நம்ம கல்கத்தா மேகநாத சாஹா 1920-ல இன்னும் ஒரு படி மேல. சூரிய ஒளியில தெரியுத கோடுகளுக்குக் காரணம் என்னன்னு பேப்பர்ல கணக்குப் போட்டே சொல்லிட்டார். அண்ணாந்து நின்ன ஆளு எவன் என்ன கண்டுபிடிச்சான், சொல்லு பாப்போம்?

சரி, உனக்கு நேராத்தான் பாக்கணும். வயசு அப்படி. அப்பக் கிரகணக் கண்ணாடி வாங்கு. கரியாஹாட் பிளாட்பாரத்துல நூறு ரூபாய்க்குத் தொங்குதே கூலிங் கிளாஸ், அது இல்ல. அது வெயிலுக்கே ஆவாது. கறுப்பா இருந்தா காப்புன்னு எவன் சொன்னான்? யூவி 400 இல்லாம, புறஊதாவைத் தடுக்க வக்கில்லாத கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால கண்ணுப் பாப்பா விரிஞ்சு கொடுக்கும், புறஊதா இன்னும் சுகமா உள்ள போவும். அதைவிட இந்த ஊர் வங்காளி கிழவர் குடை எவ்வளவோ மேல். கிரகணக் கண்ணாடிய வாங்கினதும் வீட்டுக்குள்ள போட்டுப் பாரு. ஒண்ணுமே தெரியக் கூடாது. பொண்டாட்டி முகம் தெரிஞ்சா கண்ணாடி டூப்ளிகேட்டு. கீறல், மடிப்பு, ஊசி ஓட்டை இருந்தாலும் தூர எறி. வெல்டிங் கடைக்காரன் கண்ணாடின்னா 14-ம் நம்பர், அதுக்குக் கீழ வேண்டாம். எக்ஸ்ரே பிலிம், சிடி, புகை பிடிச்ச கண்ணாடிச் சில்லு எல்லாத்தையும் பழைய பேப்பர்க்காரனுக்குப் போடு. கண்ணாடி போட்டுட்டோம்னு தைரியத்துல பைனாகுலர் வழியா மட்டும் பாத்துராத. அது வெளிச்சத்தைக் குவிச்சு உன் கண்ணாடியையே பொசுக்கிப்புட்டு அப்புறம் கண்ணுக்கு வரும். பைனாகுலருக்கு வடிகட்டி போடணும்னா முன்பக்கத்துல போடணும்.

வெறுங்கண்ணால பாக்க ஒரே ஒரு நேரம் உண்டு. சூரியன் முழுசா, பொட்டு மிச்சமில்லாம மறையுத அந்தக் கொஞ்ச நேரம். 1995 அக்டோபர் 24 காலைல அது இந்தப் பக்கம் வந்துது. இதே பாலிகஞ்ச் ஸ்டேஷன்ல டைமண்ட் ஹார்பர் லோக்கல் ஏறிப் போனவனுக்கு ஒரு நிமிஷத்துக்கும் மேல முழு இருட்டு கெடைச்சுது. ஏறாம மாடியில நின்னவனுக்கு முக்காலே மூணு வீசம். அது போதாதான்னா, போதாது. அந்த மிச்ச வீசம்தான் கண்ணைத் திங்கது. ஒரு லோக்கல் டிக்கெட் வித்தியாசம்லே அது!

நேரம் தெரியணும்னா வாட்ஸ்அப்பை நம்பாத. பொசிஷனல் அஸ்ட்ரானமி சென்டர் இந்த ஊர்லதான் இருக்கு. எந்த ஊருக்கு எத்தனை மணி எத்தனை நிமிஷம்னு அவங்க கணக்குப் போட்டுக் கொடுக்காங்க. வாட்ஸ்அப்ல வாரது எவனோ தூங்காதவன் எழுதுனது.

எங்க மருமவன் ஒருத்தன் 2027 ஆகஸ்ட் 2-ம் தேதிக் கிரகணத்துக்கு எகிப்து, லக்சர்னு பேக்கேஜ் விசாரிக்கான். அங்க ஆறு நிமிஷத்துக்கு மேல முழுசா மறையுமாம். போவட்டும், காசு இருக்கவன். மேகம் பேக்கேஜ்ல சேருமான்னு மட்டும் கேட்டேன், கோவிச்சுக்கிட்டான். உங்கிட்ட அவ்வளவு இல்லாட்டா 2031 மே 21 வரைக்கும் பொறு. மதுரை, தேனி வழியா வளையக் கிரகணம் வருது. ஹவுராவுல ரயில் ஏறினா சென்னை, அங்க மாறி மதுரை. வளையத்துல நடுவு மட்டுந்தான் மறையும், சுத்தி நெருப்பு நிக்கும். அதனால தொடக்கம் முதல் கடைசி வரைக்கும் கண்ணாடியக் கழட்டக் கூடாது. நான் இருந்தா வாரேன். இட்லித் தட்டு என் பொறுப்பு, கீழ் பெர்த் உன் பொறுப்பு.