தலையணை விடாக்கண்டர்

தலையணை விடாக்கண்டர் தமிழ்நாட்டு வீடுகளில் பரவலாகக் காணப்படும் ஒரு வகையினர். பெரும்பாலும் ஆண், வயது 45-ஐத் தாண்டியவர். செருப்பு தேய்ந்தால் மாற்றுவார், செல்போன் பழசானால் மாற்றுவார், தலையணையை மட்டும் மாற்ற மாட்டார். அது கல்யாணச் சீரில் மெத்தையோடு வந்தது. அந்த மெத்தை எப்போதோ போய்விட்டது. கட்டில் இரண்டு தடவை மாறிவிட்டது. தலையணை அப்படியே இருக்கிறது.

இவரை அடையாளம் காண ஆளைப் பார்க்க வேண்டியதில்லை. தலையணையைப் பார்த்தால் போதும். வெளியுறை புதிதாக, பூப்போட்டதாக இருக்கும். அதை உருவினால் உள்ளே இன்னோர் உறை. அதையும் உருவினால் கோடு போட்ட மெத்தைத் துணி. அந்தக் கோடு ஒரு காலத்தில் நீலமாக இருந்தது என்று வீட்டுப் பெரியவர்கள் சாட்சி சொல்வார்கள். நடுவில் பழுப்பு வட்டம் ஒன்று இருக்கும். சனிக்கிழமை நல்லெண்ணெயும் கோடை வியர்வையும் தூக்கத்தில் வழிந்த எச்சிலும் அதன் பங்குதாரர்கள். உள்ளே இருக்கும் இலவம்பஞ்சு உருண்டு திரண்டு நான்கு மூலைக்கும் குடிபெயர்ந்திருக்கும். தலை வைக்கும் இடத்தில் மேல்துணியும் கீழ்த்துணியும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும். அங்கே தலையைத் தாங்குவது உண்மையில் மெத்தைதான்.

படுக்குமுன் இவர் தலையணையை நாலு குத்து குத்துவார்; மூலைப் பஞ்சை நடுவுக்கு இழுப்பார்; அது போதாமல் இரண்டாக மடித்துவைப்பார். காலையில் கழுத்து திரும்பாது. காரணம் கேட்டால் மின்விசிறிக் காற்று என்பார், பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தது என்பார், அலுவலகக் கம்ப்யூட்டர் என்பார். கழுத்துக்கு நேர் கீழே இரவெல்லாம் கிடந்த ஒன்றின் பெயர் மட்டும் அந்தப் பட்டியலில் வராது. வெளியூர்க் கல்யாணத்துக்குப் போனாலும் கட்டைப்பையில் தலையணை கூடவே போகும். மனைவியின் தலையணை மந்திரத்தில் மயங்கித் தனிக்குடித்தனம் போன கணவர்கள் உண்டு. அந்த மந்திரத்தால் தலையணையையே மாற்றிவிட்ட மனைவி அரிது.

தலையணையின் ஆயுள் முடிந்ததா என்பதை அறிவது கடினமல்ல. கடைக்காரர்கள் ரெக்ரான் என்றும் ஃபைபர் என்றும் சொல்லும் பாலியெஸ்டர் தலையணையை இரண்டாக மடித்து விட வேண்டும். விரிந்து எழுந்தால் உயிர் இருக்கிறது. மடித்தபடியே கிடந்தால் முடிந்தது. இந்த வகை ஓரிரு ஆண்டுதான் உழைக்கும். லேட்டக்ஸ் இன்னும் சில ஆண்டு தாங்கும். இலவம்பஞ்சைக் கையால் அமுக்கிப் பார்க்க வேண்டும்: கட்டி தட்டுப்பட்டாலோ, தட்டும்போது தூசி பறந்தாலோ காலம் கடந்துவிட்டது. காலை எழுந்ததும் வரிசையாகத் தும்மல் வந்து, குளித்துக் கிளம்பியதும் நின்றுபோனால் அதுவும் ஓர் அறிகுறி. உதிரும் தோல் துகளைத் தின்று வாழும் தூசிச் சிற்றுண்ணிகள், அரை மில்லிமீட்டர்கூட இல்லாதவை, தலையணையில் குடியிருக்கும். சென்னை போன்ற கடற்கரை ஊர்களின் ஈரக்காற்று அவற்றுக்கு ரொம்பப் பிடிக்கும். மொட்டைமாடி வெயிலில் போட்டால் அவை குறையும்; ஆனால் ஒவ்வாமைக்குக் காரணமான அவற்றின் எச்சம் பஞ்சுக்குள்ளேயே தங்கும். விடாக்கண்டர் வெயிலில் போட்டதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வார்.

போகிப் பண்டிகை இவருக்குக் கண்டமான நாள். அன்று விடியற்காலையில் தலையணை பீரோவுக்கு மேலே ஏறிவிடும். புகையில்லாப் போகி கொண்டாடச் சொல்லி மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆண்டுதோறும் விடுக்கும் வேண்டுகோளை, ஊரில் வரிக்கு வரி மதிப்பவர் இவர் ஒருவர்தான்.

கடைசியில் மகளோ மருமகளோ இவரைக் கடைக்கு இழுத்துப் போவது உண்டு. அங்கே ஒவ்வொரு தலையணையையும் உள்ளங்கையால் அமுக்கிப் பார்ப்பார். தூங்கப்போவது தலை, சோதிப்பது கை. படுத்துப் பாருங்கள் என்று கடைப்பையன் சொன்னால், நாலு பேர் நடமாடும் இடத்தில் படுப்பதாவது என்று வெட்கப்படுவார். மெத்தை வாங்கினால் தலையணை இலவசம் என்ற பலகையைக் கண்டதும் முகம் மலரும்.

உண்மையில் பார்க்க வேண்டியது படுக்கும் முறை. ஒருக்களித்துப் படுப்பவருக்குத் தோள் அகலம் நிரம்பும் அளவு உயரமும் சற்று உறுதியும் வேண்டும். மல்லாந்து படுப்பவருக்கு நடுத்தர உயரம். குப்புறப் படுப்பவருக்கு மிக மெல்லியது. கழுத்து முதுகெலும்போடு ஒரே கோட்டில் நிற்க வேண்டும் என்பதுதான் கணக்கு. அமுக்கினால் குழிந்து மெல்ல எழும் மெமரி ஃபோம், 1966-இல் அமெரிக்காவின் நாசாவுக்காக விமான இருக்கைகளுக்கு உருவாக்கப்பட்ட பொருள். தலையை நன்றாகவே தாங்கும்; ஆனால் உடல் சூட்டைப் பிடித்துவைத்துக்கொள்ளும். சித்திரை மாதத்தில் மின்சாரம் போன இரவில் அதில் படுப்பவர் நாசாவை நல்ல வார்த்தை சொல்ல மாட்டார்.

நம் ஊர் வெக்கைக்கு இலவம்பஞ்சுதான் தோது. அதன் இழை உள்ளீடற்றது. அதனால் எடை குறைவு. மேலே மெழுகுத்தன்மை உண்டு. தண்ணீரில் மிதக்கும், ஒரு காலத்தில் உயிர்காப்பு மிதவைகளிலும் அடைத்தார்கள். தேனி மாவட்டத்துப் போடி வட்டாரம் இந்தப் பஞ்சுக்குப் பெயர் பெற்றது. மில் கழிவுப் பஞ்சைக் கலந்து இலவம் என்று விற்பவர்களும் இருக்கிறார்கள். ஒரு சிட்டிகை கேட்டு வாங்கித் தண்ணீரில் போட்டால் தெரிந்துவிடும்: இலவம் மிதக்கும், மற்றது நனைந்து அமிழும். பஞ்சில் கொட்டை இருந்தால் எடைக்கு எடை நஷ்டம்.

புதியது வந்த பிறகும் பழையது வீட்டைவிட்டுப் போகாது. முதலில் சோபாவில் முதுகுக்கு, பிறகு காலுக்கு, அதன் பிறகு, சொல்லவே கூசும், விருந்தாளிக்கு. பஞ்சை அடித்துப் புதுத்துணியில் அடைத்தால் போயிற்று என்று விடாக்கண்டர் வாதாடுவார். இலவம்பஞ்சு விஷயத்தில் அதில் கொஞ்சம் நியாயமும் உண்டு. கொஞ்சம் புதுப்பஞ்சு சேர்த்து அடித்தால் மேலும் சில காலம் ஓடும். தூளாகிப்போன பஞ்சு எத்தனை அடித்தாலும் எழாது. பாலியெஸ்டருக்கு அந்த வழியே இல்லை. இப்படி ஒருவர் வீட்டில் இருந்தால், புதிய தலையணை வாங்கிய அன்றே அதன் உள்துணியில் மாதத்தையும் ஆண்டையும் மார்க்கர் பேனாவால் எழுதிவையுங்கள். “போன வருஷம்தானே வாங்கினோம்” என்ற வாதம் எப்படியும் வரும்.